பச்சைப் புள்ளி

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கர் 2025 ஆகஸ்ட்டோடு நம் நாட்டில் முடிந்துபோனது. 22ஆம் தேதி அதைத் தடைசெய்யும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், அந்த வாரமே மேசைகள் மூடப்பட்டன. கணக்கில் மிச்சமிருந்த 6,210 ரூபாயை வங்கிக்கு மாற்றிவிட்டு நானும் வெளியே வந்தேன். வருத்தம் என்று பெரிதாக இல்லை. ஆனால் அந்த வருடம் மார்ச் மாதம் ஒருவர் சாட் பெட்டியில் தட்டிய ஒரு கேள்வி மட்டும் இன்னும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், நான் எதில் கெட்டிக்காரனாக இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சீட்டாட்டத்தில் இல்லை. எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று பார்ப்பதில்.

நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவன். 2022 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் மாநிலத் தடையை நீக்கிய பிறகு, அந்த வருட நடுவில்தான் ஆடத் தொடங்கினேன். ஆடியது 5–10 மேசை. அதாவது ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்கும் முன்பே முறைவைத்து இருவர் கட்டாயமாகப் போடும் தொகையில் சின்ன பிளைண்ட் 5 ரூபாய், பெரிய பிளைண்ட் 10 ரூபாய், முழுதாக வாங்கி உட்கார்ந்தால் 1,000 ரூபாய். ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டு மேசையைத் திறந்து வைத்துக்கொண்டு பன்னிரண்டரை வரை. முதல் ஆறு மாதம் ஒழுங்கான மாணவன் மாதிரி படித்தேன். எந்த இடத்தில் எந்தச் சீட்டோடு பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் பண்ண வேண்டும் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்தேன், வீடியோ பார்த்தேன், தோற்ற ஆட்டங்களை மறுநாள் பஸ்ஸில் திரும்ப யோசித்தேன். அந்த ஆறு மாதத்தில் போனது 14,000 ரூபாய்.

ஆபீஸில் சேலத்துக்காரன் ஒருவன் இருந்தான், எனக்கு முன்னாலிருந்தே ஆடிக்கொண்டிருந்தவன். என் புலம்பலை ஒரு டீ நேரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "டேய், பரோட்டா நல்லா போட்டா மட்டும் கடை ஓடாதுடா. கடை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கணும். நீ பரோட்டாவ மட்டுமே பாத்துட்டு இருக்க" என்றான். அன்று ராத்திரி ஆடவில்லை. ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

ஆறு பேர் மேசை. 100 ஆட்டம் நடந்தால் ஏறக்குறைய 60 ஆட்டம் ஃப்ளாப் வரை, அதாவது நடுவில் எல்லாருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு விழும் வரை போகும். அந்த ஆட்டங்களில்தான் தளம் தன் பங்கான ரேக்கை எடுக்கும். நான் ஆடிய இடத்தில் நூற்றுக்கு ஐந்து. நடுவில் சேரும் பணமான பாட் சராசரியாக 160 ரூபாய் என்றால் ஆட்டத்துக்கு 8 ரூபாய், அறுபது ஆட்டத்துக்கு 480 ரூபாய். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 80 ரூபாய், அதாவது 8 பெரிய பிளைண்ட். ஆறு பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் ஆறு பேரும் 100 ஆட்டத்துக்கு 80 ரூபாய் தோற்பார்கள். நான் ஆறு மாதம் செய்தது இதுதான். என்னைப் போலவே அட்டவணை மனப்பாடம் செய்த ஐந்து பேரோடு உட்கார்ந்து, தளத்துக்கு மொய் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த மேசையில் ஒருவர் மட்டும் வேடிக்கைக்கு ஆடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற சீட்டையெல்லாம் ஆடுவார், 100 ஆட்டத்துக்கு 50 பெரிய பிளைண்ட் தோற்பார். சும்மா சொல்லவில்லை, அப்படி ஆடுகிறவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். நாம் எகிறிக் குதிப்போம், ஆனால் கூட்டிப் பாருங்கள். தளம் எடுப்பது 48. அவர் விடுவது 50. மிச்சம் ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது வெறும் 2. இப்படித் தோற்பவரை மீன் என்போம். ஒரு மீன் இருந்தால் அது ரேக்குக்குத்தான் சரியாக இருக்கும். இரண்டு பேர் இருந்தால்தான் கதை மாறுகிறது: 100 விடுவார்கள், 48 போக 52, நான்கு பேருக்குத் தலா 13. ஒரே ஆட்டம், ஒரே நான், ஒரே அட்டவணை. எதிரே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து மைனஸ் 8, கிட்டத்தட்ட பூஜ்யம், ப்ளஸ் 13. அட்டவணையை இன்னும் கொஞ்சம் நன்றாக மனப்பாடம் செய்தால் இந்த வித்தியாசத்தில் கால்வாசி வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

கொக்கின் வேலை

அன்றிலிருந்து ஆட்டத்தைவிட, மேசைகளின் பட்டியல் இருக்கும் லாபியைப் பார்ப்பது என் வேலையானது. லாபியில் மேசைக்கு ஒரு வரி இருக்கும்: எத்தனை பேர், காத்திருப்போர் எத்தனை, சராசரி பாட் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை பேர் ஃப்ளாப் பார்க்கிறார்கள். புதிதாக வருகிறவன் சராசரி பாட் பெரிதாக இருக்கும் மேசைக்கு ஓடுவான். நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால் இரண்டு முரடர்கள் ஒருவர் மேல் ஒருவர் ரெய்ஸ் ஏற்றி 2,000 ரூபாய் பாட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். மற்ற நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை. பாட்டை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஃப்ளாப் சதவீதம் அதைவிட நம்பகமானது. ஆறு பேர் மேசையில் அது நாற்பதைத் தொட்டால் ஒரு எட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும் தொகை. என்னைப் போல் கணக்குப் போட்டுத் தொடர்ந்து ஆடுகிற ரெகுலர்கள் எல்லாருக்கும் சரியாக 1,000 இருக்கும். குறைந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும்படி செட்டிங் வைத்திருப்பார்கள். 430, 285, 617 என்று ஒழுங்கில்லாத தொகையோடு ஒருவர் இருந்தால் அவர் ரெகுலர் இல்லை. அப்புறம் லிம்ப். ரெய்ஸ் பண்ணாமல், சீட்டைக் கைவிட்டு ஃபோல்டும் பண்ணாமல், பத்து ரூபாயை மட்டும் வைத்துவிட்டு "நானும் வர்றேன்" என்று உள்ளே நுழைவது. வேறு பெரிய தளங்களில் ஆடுகிறவர்கள் இதையெல்லாம் மென்பொருள் போட்டுச் சதவீதமாகத் திரையிலேயே பார்ப்பார்கள். அது ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று பார்ட்டிபோக்கர் 2019இல் தடை செய்தது. மேசையைத் தேர்ந்தெடுக்கவே விடாமல், தொகையை மட்டும் கேட்டுக்கொண்டு தாங்களே இருக்கை ஒதுக்கும் முறையும் சில இடங்களில் வந்தது. எல்லாம் என்னைப் போன்றவர்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றத்தான். நான் ஆடிய தளத்தில் மென்பொருளும் இல்லை, அந்தக் கட்டுப்பாடும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. ஆடாமல் மேசையைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொருவரும் முப்பது ஆட்டத்தில் எத்தனை முறை விருப்பப்பட்டுப் பணம் வைக்கிறார்கள் என்று குச்சி குச்சியாகப் போடுவேன். நாலு குச்சி, குறுக்கே ஒன்று. பதினைந்தைத் தாண்டினால் அவர் பெயருக்குப் பக்கத்தில் தளம் கொடுக்கும் வண்ணப் புள்ளியில் பச்சையைத் தேர்ந்தெடுப்பேன். அடுத்த முறை அவர் எந்த மேசையில் இருந்தாலும் பச்சை என் கண்ணில் படும்.

இருக்கை அடுத்தது. ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால், பச்சைக்காரரின் இடப்பக்கம் உட்கார்ந்தால் பெரும்பாலும் அவர் செய்வதைப் பார்த்த பிறகு நம் முறை வரும். அவர் லிம்ப் பண்ணினால் நாம் ரெய்ஸ் பண்ணி மற்றவர்களை விரட்டிவிட்டு அவரோடு தனியாக இருக்கலாம். இதற்காகக் காலியான மூன்று இருக்கையை விட்டுவிட்டு நான்காவது காலியாகும் வரை இருபது நிமிடம் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறேன்.

லாபம் வரத்தான் செய்தது. 100 ஆட்டத்துக்கு 5 பெரிய பிளைண்ட் சராசரி. இரண்டு மேசையில் மணிக்கு 140 ஆட்டம் ஓடும், ஆக மணிக்கு 70 ரூபாய். அதில் வருமான வரி 30 சதவீதம் போக 49. எங்கள் தெருமுனையில் அந்தக் காசுக்கு மசாலா தோசை வராது, சாதா தோசைதான். அதுவும் நேர்க்கோட்டில் வராது. 10,000 ஆட்டத்தில் 500 பெரிய பிளைண்ட் ஜெயிக்க வேண்டியவன், சீட்டு சரியாக விழாவிட்டால் 400 தோற்றுக்கூட நிற்பான். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. 10,000 ஆட்டம் என்பது எனக்கு மூன்று மாதம். ஆரம்ப நஷ்டத்தைத் தனியாக வைத்தால் கடைசி வரை நான் எடுத்தது 58,000 ரூபாய் சொச்சம், வரி போக 40,000. மனைவி ஒருமுறை கேட்டாள்: "இந்த நேரத்துல ரெண்டு பசங்களுக்கு ட்யூஷன் எடுத்திருந்தா?" நான் பதில் சொல்லவில்லை. உண்மையில் காசுக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது என்ற சுகம் அதில் இருந்தது.

இடையில் 2023 அக்டோபரில் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. பலர் ஆட்டமே செத்தது என்றார்கள். வரி போடும் பணத்தின் மேல்தான். 100 ரூபாய் போட்டால் 78 ரூபாய்தான் ஆட்டத்துக்கு. கொஞ்சம் யோசித்தால் அது என் மேல் விழவில்லை. நான் பணம் போடுவதே இல்லை, ஜெயித்ததை வைத்து ஆடுகிறேன். திரும்பத் திரும்பப் போடுகிறவர்கள் பச்சைக்காரர்கள். பல தளங்கள் அந்த 22 ரூபாயைப் போனஸாகத் திருப்பித் தந்து, ரெகுலர்களுக்குத் தந்துகொண்டிருந்த ரேக் சலுகைகளைக் குறைத்தன. பச்சை மேசைகள் குறைந்தன. குறையக் குறைய ஒவ்வொரு பச்சையைச் சுற்றியும் நெருக்கம் கூடியது.

தண்ணி குடிக்கப் போன நாலு நிமிஷம்

அவர் 2024 கடைசியில் வந்தார். ஒரு அம்மன் பெயரும் 72 என்ற எண்ணும் சேர்ந்த பெயர். ஊர் மதுரைப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. முதல் நாளே முப்பதில் இருபத்திரண்டு குச்சி. நான் அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஒரு ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. அவரிடம் 430 ரூபாய். பத்து வைத்து லிம்ப் பண்ணினார். என் கையில் ஏஸும் கிங்கும், 50 ஆக்கினேன். மற்றவர்கள் விட்டார்கள், அவர் வந்தார். ஃப்ளாப்பில் கிங், எட்டு, மூன்று. எதுவும் வைக்காமல் செக் செய்தார், நான் 80 வைத்தேன், அவரும் அதே அளவு வைத்துக் கால். அடுத்த சீட்டு ஐந்து, 200 வைத்தேன். கொஞ்சம் யோசித்தார், கால். கடைசிச் சீட்டு இரண்டு. அவரிடம் மிச்சம் 100, அதையும் கேட்டேன். நேரம் முடியும் வரை யோசித்துவிட்டுக் கால். அவரிடம் எட்டும் ஏழும். எட்டில் வெறும் ஒரு ஜோடி, எனக்குக் கிங்கில். 875 ரூபாய் பாட், ரேக் போக 831 என் பக்கம் நகர்ந்தது. சாட்டில் தங்கிலீஷில் தட்டினார்: "உங்க கைல என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு." கோபமே இல்லை. 430 ரூபாய் கொடுத்து ஒரு படம் பார்த்தது மாதிரி.

அப்புறம் அவர் என்னோடு பேச ஆரம்பித்தார். "சாப்டாச்சா தம்பி", "பெங்களூர்ல மழையா?" நான் தமிழ் என்பது என் பெயரிலிருந்து தெரிந்திருக்கும். ரெகுலர்கள் சாட்டையே மூடி வைத்திருப்பார்கள்; நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன், பேச்சிலிருந்து தகவல் கிடைக்கும் என்பதால். ஒருநாள், "உங்க டேபிள்ல இடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் லாபியில் அவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் லாபியில் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கும் மேசை தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று இருந்தது. என்னுடையதைவிட மோசமானது என்று அன்றைக்கு நினைத்தேன்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புது விதி வந்தது. ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது. பெங்களூரில் எனக்கு அந்த விதி இல்லை. ஆனால் பன்னிரண்டு அடித்ததும் என் மேசைகளிலிருந்து தமிழ்நாட்டுப் பெயர்கள் பட்பட்டென்று அணையும். எனவே பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அவரிடம் எடுக்க வேண்டியதை எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு அவசரம்.

மார்ச்சில் ஒருநாள், மணி பதினொன்றேகால் இருக்கும். மேசையில் ஆறு பேர்: அவர், நான், நான்கு ரெகுலர்கள். என் விதிப்படி அது உட்காரக் கூடாத மேசை. ஆனால் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயர் திடீரென்று சாம்பல் நிறமானது. ஆட்டத்திலிருந்து ஒதுங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ரெகுலர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் இருவர் எழுந்தார்கள், அடுத்தது முடிந்ததும் மற்ற இருவர். அந்த நால்வர் திரையிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வண்ணம் இருந்திருக்க வேண்டும். நானும் உடனே "அடுத்த பெரிய பிளைண்டில் வெளியேறு" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். ஆனால் என் இன்னொரு மேசையில் பெரிய பாட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, கண் அங்கே. இங்கே நான் மட்டும் மிச்சம். ஒற்றை ஆளுக்குச் சீட்டு விழாது, பெரிய பிளைண்டும் வராது, என் டிக் அப்படியே நின்றது.

நாலு நிமிடத்தில் அவர் பெயர் மறுபடி வெளிச்சமானது.

"தண்ணி எடுக்கப் போனேன்" என்று தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம்: "தம்பி, ஒண்ணு கேக்கலாமா. நான் எந்திரிச்சா ஏன் எல்லாரும் எந்திரிச்சிடுறாங்க? ரெண்டு மூணு தடவ பாத்துட்டேன்."

கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்வது என்றால் எப்படிச் சொல்வது? நீங்கள்தான் ஐயா இங்கே சாப்பாடு என்றா? சொன்னால் அவர் அடுத்த நாள் வரமாட்டார். அல்லது வேறு மேசைக்குப் போவார், அங்கே வேறு நான்கு பேர். சொல்லாமல் இருக்க ஆயிரம் காரணம் அப்போதே வரிசையாக வந்தது. அவர் விளையாடுவது அவர் பணம், அவர் சந்தோஷம், நான் ஏமாற்றவில்லை, சீட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் விழுகிறது. இதில் எதுவும் பொய்யில்லை. இப்போதும் எனக்கு இதற்கெல்லாம் மறுப்புச் சொல்லத் தெரியாது. பலவீனமானவரைத் தேடி உட்காருவதுதான் இந்த ஆட்டத்தில் புத்திசாலித்தனம் என்று கணக்கு சொல்கிறது, கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கை அவரிடம் ஒரு வரியில் தட்ட முடியவில்லை என்பதும் நிஜம். தான் இருப்பதால்தான் மேசை இருக்கிறது என்பது அந்த மேசையில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது. என் சுகம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

"நெட் ப்ராப்ளம் போலண்ணா" என்று தட்டினேன்.

"ஓ, சரி சரி" என்றார். "நீங்களாச்சும் இருந்தீங்களே."

டிக்கை எடுத்துவிட்டேன். இரண்டு பேர் மட்டும் ஆடினோம், வேறு யாராவது வந்துவிடுவார்களோ என்று ஒரு கண் லாபியில். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, "கதவச் சாத்திடுவான், போய்ட்டு வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு வந்தது 1,140 ரூபாய்.

நோட்டு இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. போன வாரம் ஸ்டேப்ளர் தேடும்போது கையில் பட்டது. அவர் பக்கத்தில் இருபத்திரண்டு குச்சி, "எட்டு ஜோடிக்கு மூணு பெட் கால் பண்றார்", "பேசினா அதிகம் ஆடுறார்". அதற்குக் கீழே, மார்ச் தேதியோடு, அந்த ராத்திரி அவர் போனதும் நான் எழுதியது: "ஒதுங்கினா எந்திரிக்காதே. தண்ணி குடிக்கத்தான் போறார். நாலு நிமிஷத்துல திரும்பி வருவார்."